நின்ற இயந்திரம்

இயந்திரத்தால் விளையும் தீங்கு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன சுழலும் சக்கரமும் விரைந்தோடும் தோல்வாருமே. ஓடுகின்ற இயந்திரத்தைக் கண்டு யாவரும் அஞ்சுவர்; சற்று விலகியே நிற்பர். இன்று நான் பேசப் புகுவது நின்றுவிட்ட இயந்திரத்தைப் பற்றி. அதனிடம் யாரும் அஞ்சுவதில்லை. துணிந்து கையை விடுகிறார்கள்.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நம் போர்ட் பிளேர் நகரில், விமான நிலையத்தின் பக்கமாக உள்ளது லம்பா லைன். 'லம்பா' என்னும் இந்திச் சொல்லுக்கு நீண்டது என்று பொருள். இப்பகுதியில் ஒரு நாள் காலை நடந்து செல்பவர் எத்தனை மோட்டார்களின் ஓசையைக் கேட்பார் என்று எண்ணிப் பாருங்கள். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு, வண்டிச் சக்கரங்களுக்குக் காற்று நிரப்பும் இயந்திரம், மாவு அரைக்கும் பொறி, மீனைக் கெடாமல் வைக்கும் குளிர்ப்பெட்டி, தச்சுக் கூடத்து வாள் ஆகிய அனைத்தும் மோட்டாரால் இயங்குவன. 2023 ஜூலை 18ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற, சிப்பி வடிவிலமைந்த புதிய விமான நிலைய முனையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்து வரும் பட்டையும் மோட்டாரால் ஓடுவதே.

நம் தீவுகளின் மின்சாரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தாய்நாட்டு மின்தொடரோடு கம்பித் தொடர்பு இல்லாத காரணத்தால், பெரும்பகுதி மின்சாரத்தை டீசல் எண்ணெயை எரித்து இங்கேயே ஆக்கிக்கொள்கிறோம். சூரிய ஒளியால் கிடைப்பது அதற்குத் துணை. இத்தகைய சிறு அமைப்பில் ஓர் எஞ்சின் நின்றாலும் அதன் அதிர்ச்சி ஊரெங்கும் தெரியும். ஆகவே மின்சாரம் போவதும் வருவதும் நமக்குப் பழகிய செய்தி. போனால் பெருமூச்சு விடுகிறோம், வந்தால் மகிழ்கிறோம். வருகின்ற அந்த நொடியில்தான் நான் கூறும் ஆபத்து இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தீவில் கொப்பரை ஆட்டும் சிறு ஆலை ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் நமக்கு வேண்டா. கொப்பரைத் துண்டுகளை ஆட்டும் பொறியின் வாய்க்குக் கொண்டு செல்ல அங்கே ஓர் இரும்புத் திருகு குழாய்க்குள் சுழன்று கொண்டிருக்கும். அதனை ஓட்டும் மோட்டாருக்கு, வேண்டியபோது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மின்னணுக் கருவி ஒன்று பொருத்தியிருந்தார்கள். தொழிலாளர் இதனை 'டிரைவ்' என்றே வழங்குவர். நாமும் அப்படியே வழங்குவோம். ஒரு நாள் பிற்பகல் மின்சாரம் நின்றது, திருகும் நின்றது. அங்கு வேலை பார்த்த இளைஞன், 'இதுதான் சமயம்' என்று, குழாயில் அடைத்துக்கொண்டிருந்த கொப்பரையைக் கையால் தள்ளிவிடப் புகுந்தான். சில நிமிடங்களில் மின்சாரம் வந்தது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. யாரும் குரல் கொடுக்கவில்லை. திருகு தானே சுழன்றது. இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் என்னை அழைத்துக் காட்டினார்கள். கருவியில் பழுது இருக்கும் என்று எண்ணியே சென்றேன். சோதித்துப் பார்த்ததில் ஒரு பழுதும் இல்லை. எப்படி இயங்குமாறு அமைத்திருந்தார்களோ அப்படியே அது இயங்கியிருக்கிறது. உரிமையாளரிடம் கேட்டேன். "கரண்டு வந்தால் தானாக ஓடட்டும் என்றுதான் அப்படி வைக்கச் சொன்னோம், சார், ஒவ்வொரு தடவையும் ஆள் போய்ப் போட வேண்டியதில்லை அல்லவா?" என்றார். அவரைக் கொடியவர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நாள்தோறும் மின்தடையால் அல்லற்படுபவர் எவரும் அப்படித்தான் நினைப்பார்.

முன்னாளில் நிலைமை வேறு. 1883ஆம் ஆண்டில் சாத்தம் தீவில் ஆங்கிலேயர் நிறுவிய மரம் அறுக்கும் ஆலையை நம்மில் பலர் கண்டிருப்பர். ஆசியாவின் பழம்பெரும் மர ஆலைகளுள் ஒன்று அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வீசிய குண்டு உண்டாக்கிய பள்ளத்தை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். மின்விசை பரவாத அந்நாளில் உலகெங்கும் ஆலைகள் நீராவியின் வலிமையால் இயங்கின. கூரையின் கீழே நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழலும். அதிலிருந்து இறங்கும் தோல்வார்கள் ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டும். வேட்டி நுனியோ தலைமுடியோ வாரில் சிக்கினால் ஆள் மீள்வது அரிது. ஆனால் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது; காதுக்கும் கேட்டது. தண்டு நின்றால் ஆலை முழுவதும் நின்றது. அதனை மீண்டும் ஓட்ட, நீராவி எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நின்று செயற்பட வேண்டும்.

ஆதலால் அக்காலச் சட்டங்கள் 'வேலி கட்டு' என்றன. இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரங்களுக்குக் காப்புத் தடுப்பு வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டமும் இதனைச் சேர்த்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு எந்தெந்தப் பகுதிகளை வேலியிட்டு மறைக்க வேண்டும் என விரிவாகக் கூறிற்று. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவில் என்னை வியக்க வைத்த ஒரு கருத்து இருந்தது. மின்விசையைத் துண்டிக்கும் கருவி எதிர்பாராத வகையில் மீண்டும் 'ஓடு' நிலைக்கு நகரக்கூடியதாக இருந்தால், அதனைப் பாதுகாப்பான நிலையிலேயே பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்பது அது. நின்ற இயந்திரம் தானே ஓடக்கூடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். நெம்புகோல் நகர்வதை மனத்தில் வைத்து அவர்கள் எழுதினார்கள். நகரக்கூடியது ஒரு நாள் கருவியின் நினைவில் எழுதிய எண்ணாக இருக்கும் என்பது அவர்கள் கனவிலும் வந்திராது.

அந்த எண் எங்ஙனம் வந்தது என்பதைச் சொல்ல, மோட்டாரின் கதையைச் சிறிது சொல்லல் வேண்டும். கோயம்புத்தூரை அடுத்த பீளமேட்டில் ஜி. டி. நாயுடு அவர்களின் தொழிற்கூடத்தில் 1937இல் நம் நாட்டின் முதல் மின்மோட்டார் உருவாயிற்று என்பர். அதன்பின் கிணற்றடிக்கும் நெசவாலைக்கும் தனித்தனி மோட்டார் வந்தது. மோட்டாருடன் 'ஸ்டார்ட்டர்' என்னும் பெட்டியும் வந்தது. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். அதனுள்ளே ஒரு கம்பிச்சுருள் உண்டு. பச்சையை அழுத்தினால் சுருள் காந்தமாகி இணைப்பைப் பற்றிக்கொள்ளும். மின்சாரம் போனால் காந்தம் இழக்கும், இணைப்பு விழுந்துவிடும். மின்சாரம் திரும்பினாலும் விழுந்தது விழுந்ததே. யாரேனும் ஒருவர் வந்து பச்சையை அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. உழவர்கள் இதனைத் தொல்லை என்று கருதித் தானே இயக்கும் கருவிகளை வாங்கிப் பூட்டியதும் உண்டு. ஆயினும் அந்த எளிய சுருள் எத்தனையோ விரல்களைக் காத்திருக்கிறது. அது செய்த தொண்டை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

டிரைவ் வந்தபின் அந்தச் சுருளின் வேலையைக் கருவியின் அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஓட்டும் ஆணையை இதற்கு இருவகையில் கொடுக்கலாம். திருப்பி வைத்தால் அப்படியே நிற்கும் ஒரு ஸ்விட்சைப் பொருத்தி, அது மூடியிருக்கும் வரை ஓடுமாறு செய்வது ஒரு வகை. அழுத்திவிட்டால் மேலெழும் இரண்டு பொத்தான்களை, ஓட்ட ஒன்றும் நிறுத்த ஒன்றுமாகப் பொருத்துவது மற்றொரு வகை. முதல் வகையில் மின்சாரம் போய் வரும்போது ஸ்விட்ச் மூடியபடியே இருக்கிறது. ஆணையும் அப்படியே இருக்கிறது. ஆகவே பல கருவிகள் உயிர்பெற்றவுடன் ஓடத் தொடங்கும். இரண்டாம் வகையில் ஆணை மின்சாரத்தோடு அழிந்துவிடும். இதற்குமேல், 'தடை ஏற்பட்டு நீங்கினால் தானே மீண்டும் ஓடு' என்னும் அமைப்பும் பல டிரைவ்களில் உண்டு. ஓர் எண்ணை மாற்றி அதனைச் செயற்படுத்தலாம், நிறுத்தலாம். கொப்பரை ஆலையில் இருந்தது முதல் வகை. மின் இணைப்பு, வயர், மோட்டார் யாவும் சரியானவை. ஒரு ஸ்விட்ச் மட்டும் வேறு வகையாக இருந்திருந்தால் அந்த இளைஞனின் கை முழுமையாக இருந்திருக்கும்.

இயந்திரங்களின் மின்னமைப்பைப் பற்றிய ஐ.இ.சி. 60204-1 என்னும் உலகத்தரம் இதனைத் தெளிவாகச் சொல்கிறது. மின்னழுத்தம் போய்த் திரும்புவதால் இயந்திரம் எதிர்பாராது ஓடித் தீங்கு விளைக்கக் கூடுமானால், அது தானே ஓடாதவாறு தடுக்கப்பட வேண்டும் என்கிறது. மஞ்சள் பின்னணியில் காளான் போல் தலை நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு அவசரப் பொத்தானுக்கும் இவ்வாறே ஒரு விதி உண்டு. அழுத்திய பொத்தானை விடுவித்ததும் இயந்திரம் ஓடிவிடலாகாது. வேறொரு கட்டளை தனியே தரப்பட வேண்டும்.

இனி, நின்ற இயந்திரத்தின் இரண்டாவது வஞ்சகத்தைச் சொல்கிறேன். இது மின்தடையின்போது மட்டுமன்று, முறையாக மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும் நேர்வது. டிரைவ் தனக்கு வரும் மாற்று மின்னோட்டத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, மின்தேக்கிகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிறகு வேண்டிய வேகத்துக்கு ஏற்றவாறு மீண்டும் மாற்று மின்னோட்டமாக்கி மோட்டாருக்கு அளிக்கிறது. மூன்று கட்ட மின்சாரம் 415 வோல்ட் எனின், தேக்கிகளில் சேர்வது ஏறத்தாழ 587 வோல்ட். ஸ்விட்சை அணைத்த நொடியில் இது மறைந்துவிடுவதில்லை. வாளியில் தண்ணீர் நிற்பது போலக் குழாயை மூடிய பிறகும் நிற்கிறது. விளக்கு அணைந்திருக்கும், காற்றாடி நின்றிருக்கும், மூடியைத் திறந்து கையை வைப்பவனுக்கு உயிர் போகும்.

டிரைவ்களின் பாதுகாப்புக்கென்றே வகுக்கப்பட்ட ஐ.இ.சி. 61800-5-1 என்னும் தரத்தின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, மின்சாரத்தைத் துண்டித்த 5 நொடிக்குள் இம்மின்னழுத்தம் 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும், அன்றேல் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்னும் எச்சரிக்கையைக் கருவியின்மேல் எழுத வேண்டும் என்றது. பெரும்பாலான கருவிகளில் 5 நிமிடம், 10 நிமிடம் என்று எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்த்திருப்பீர்கள், படித்திருப்பீர்களா என்பதே ஐயம். அவ்வெழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது, சில கருவிகளில் சீன மொழியிலும். நம் தீவிலோ தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், சோட்டாநாகபுரியிலிருந்து வந்தோர் எனப் பலரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம். ஒருவரோடு ஒருவர் இந்தியில் பேசிக்கொள்கிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளும் அபாய அறிவிப்பு அவ்வட்டார மொழியில் வேண்டும், மண்டையோட்டுச் சின்னமும் வேண்டும் என்றன. கருவியைச் செய்பவர் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று யாரும் வற்புறுத்த இயலாது. ஆனால் பெட்டியின் கதவில் ஒரு வெள்ளைத் தாளில், 'அணைத்து 10 நிமிடம் கழித்துத் திற' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுவதற்கு என்ன செலவு ஆகிவிடும்?

கடலுக்குப் பக்கத்தில் வாழ்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். அது எர்த் என்னும் நில இணைப்பு. டிரைவின் உள்ளே மின் இரைச்சலை அடக்கும் வடிகட்டிகள் இருப்பதால், பழுதே இல்லாத கருவியிலிருந்தும் சிறிதளவு மின்னோட்டம் நில இணைப்பின் வழியே எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். இது 3.5 மில்லி ஆம்பியரை மீறுமானால், நில இணைப்புக்குக் குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இட வேண்டும், அல்லது இரண்டாவது நில இணைப்பு ஒன்று தர வேண்டும் என்பன போன்ற வழிகளைத் தரம் வகுத்துள்ளது. கம்பி அறுந்தால் அக்கசிவு முழுவதும் கருவியின் உறையைத் தொடும் மனிதன் வழியே செல்லும் என்பதே காரணம். கோவையிலோ திருச்சியிலோ ஒரு முறை முறுக்கிய நில இணைப்புத் திருகு பல ஆண்டுகள் நிற்கலாம். உப்புக் காற்றும் மழையும் ஓயாத இந்நிலத்தில் அது பச்சைப் பூத்துத் துருவேறிவிடுகிறது. கையால் அசைத்தால் ஆடுகிறது. கருவியோ ஒரு குறையும் காட்டாது ஓடிக்கொண்டிருக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை ஒரு ஸ்பானரை எடுத்து இத்திருகைச் சோதித்தல் நலம்.

அண்மைக் காலத்து டிரைவ்களில் 'பாதுகாப்பான முறுக்குவிசை நீக்கம்' என்னும் ஏற்பாடு ஒன்று வந்திருக்கிறது, எஸ்.டி.ஓ. என்று கருவியின்மேல் எழுதியிருக்கும். இரண்டு தனிக் கம்பிகளின் வழியே ஆணை போனவுடன் மோட்டாரைச் சுழற்றும் திறன் உறுதியாக அற்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆயினும் அது மின்னழுத்தத்தை நீக்குவதில்லை. மோட்டார்க் கம்பிகளிலும் பெட்டிக்குள்ளும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பாரம் தூக்கும் பொறியாயின், சுழற்றும் விசை நீங்கியதும் பாரம் கீழே விழும். அதனைத் தாங்கத் தனி பிரேக் வேண்டும். எஸ்.டி.ஓ. இருக்கிறது என்ற துணிவில் உள்ளே கைவிடுபவன், கதவு சாத்தியிருக்கிறது என்பதற்காகத் தாழ்ப்பாள் போட்டதாக எண்ணுபவனை ஒப்பான்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை, மத்திய மின்சார ஆணையம் 2010இல் வகுத்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளுக்கு மாற்றாக 2023இல் புதியன வந்துள்ளன. இயந்திரங்களைப் பொறுத்தவரை, மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. பம்புகள், காற்றழுத்தப் பொறிகள், பாரந்தூக்கிகள், கடைசல் முதலிய வேலைப் பொறிகள் எனப் பலவகை இயந்திரங்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பாதுகாப்புத் தரங்களுக்கு இணங்கிச் சான்று பெற்றாலன்றி விற்கப்படலாகாது என்பது அதன் சாரம். ஓராண்டில் நடைமுறைக்கு வர வேண்டிய இதனை 2026 செப்டம்பர் 1க்கு 2025இல் தள்ளி வைத்தனர். விற்கும் இடத்திலேயே தரத்தைக் கேட்பது நல்ல வழி என்பதே என் கருத்து. ஆனால் சான்று பெற்ற இயந்திரத்திலும் ஸ்விட்சைப் பொருத்துபவரும் எண்ணை மாற்றுபவரும் நம் ஊர் மனிதர்தாம்.

வேலைத்தலத்தைப் பொறுத்தவரை, எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மின்விசை கொண்டு இயங்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. மேற்பார்வையாளர் வர முடிந்தது, வேலி எங்கே என்று கேட்க முடிந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக, 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 20 ஆக உயர்த்தியுள்ளது. சிறு தொழிலின் சுமையைக் குறைப்பதற்கே இவ்வாறு செய்தார்கள். லம்பா லைன் போன்ற பகுதியில் 20 பேர் வேலை செய்யும் கூடங்கள் எத்தனை இருக்கும்? கொப்பரை ஆலையில் ஐந்து பேர் இருந்தனர். ஐந்து பேர் உள்ள இடத்திலும் திருகு சுழலும் வேகம் ஒன்றே.

ஆகவே சிறு கூடங்களின் உரிமையாளர்களுக்கும், அங்குப் பணிபுரியும் தம்பிமார்க்கும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். இதற்கு மீட்டர் வேண்டா; பொறியாளரும் வேண்டா. இயந்திரத்தின் பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதனை ஓடவிடுங்கள். ஓடும்போதே மெயின் ஸ்விட்சை அணையுங்கள். டிரைவின் விளக்குகள் முற்றிலும் அணையும் வரை காத்திருங்கள். பிறகு, வேறு எந்தப் பொத்தானையும் தொடாமல், மெயின் ஸ்விட்சைப் போடுங்கள். ஒரு நிமிடம் கவனியுங்கள். இயந்திரம் ஓடாமல் நின்றால் நன்று. தானே ஓடினால், அன்றைக்கே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து அதனை மாற்றச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியின் பம்பு போன்றவை தானே ஓட வேண்டியவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றின் சுழலும் பகுதியில் கை புக வழியே இல்லாமல் மூடிவிடுங்கள். 'இது தானே ஓடும்' என்றும் எழுதி வையுங்கள்.

அடைப்பு எடுக்கவோ துடைக்கவோ இயந்திரத்தை அணுகும்போது, மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தம் இடுப்பில் வைத்துக்கொள்வது பெரிய ஆலைகளில் உள்ள வழக்கம். கை வைப்பவர் எவரோ அவரிடமே சாவி இருக்க வேண்டும், மேலாளரிடம் அன்று. மின்தடையின்போது பூட்டுவதற்குத்தான் நம்மவர் மறக்கிறார்கள். 'கரண்டுதான் இல்லையே, எதை அணைப்பது?' என்கிறார்கள். இல்லாத மின்சாரத்தைத்தான் முதலில் அணைக்க வேண்டும்.

அந்தக் கொப்பரை ஆலைக்குச் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் சென்றிருந்தேன். பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டு, பச்சையும் சிவப்புமாக இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தார்கள். குழாயின் வாயில் கம்பி வலை அடித்திருந்தார்கள். அதனைத் திறந்தால் மோட்டார் நின்றுவிடும்படியாக ஒரு சிறு ஸ்விட்சும் இருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. சிறிது நேரத்தில் வந்தது. திருகு அசையவில்லை. "பார்த்தீர்களா, சார், இப்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் நாமேதான் எழுந்து போக வேண்டியிருக்கிறது" என்று குறைப்பட்டுக்கொண்டே உரிமையாளர் எழுந்தார். போகும் வழியில் குழாய்க்குள் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, பிறகே பச்சைப் பொத்தானை அழுத்தினார்.